சாப்பாட்டு வட்டம் மேடை ஏறும்போது: நாடகமா, வில்லா, குறும்படமா?

நெல்லைப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு விழா பொங்கல் கழிந்துதான். அரையாண்டு லீவு முடிந்து வந்ததும் இந்த வருஷம் என்ன போடலாம் என்ற பேச்சு கிளம்பிவிடும். மரம் வளர்ப்பு, செல்போன் கேடு, அப்பா அம்மாவின் அருமை மூன்றும் போட்டுப் போட்டுத் தேய்ந்துபோயின. பிள்ளைகளிடம் கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வார்கள்: வகுப்பில் யாரும் யாரும் செட்டு, யாருக்குக் கெத்து, யாரை ஒருத்தரும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது. அதையே சிரிப்பாகப் போடலாம் என்பார்கள். விஷயம் நல்ல விஷயம்தான், எந்த வடிவத்தில் போடுவது என்பதில்தான் சிக்கல்.

மேடை நாடகம், வில்லுப்பாட்டு, போனில் எடுத்த குறும்படம் என்று கைக்கு எட்டுகிற வழிகள் மூன்று. செலவையும் நாளையும் மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கதைக்கு அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, சிரிப்பு யார் தலையில் போய் விழுகிறது என்பது. 'சேக்காளி இல்லாத பிள்ளை'யாக ஒரு பிள்ளை நடித்தால், திங்கட்கிழமை அந்தப் பெயரோடுதான் வகுப்புக்குள் வர வேண்டியிருக்கும். பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு, ஜூன் மாதம். வேறு வேறு பள்ளிகளிலிருந்து பத்து முடித்து வந்தவர்கள் ஒரே வகுப்பில் வந்து விழுகிற நேரம். செட்டு முளைப்பது அப்போதுதான், அதனால் கதையை அங்கே தொடங்குவது சரி. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைப் பள்ளிக்கு ஒரு பெண் புதிதாக வருகிறாள். சாப்பாட்டு மணி அடிக்கிறது. வேப்பமரத்தடியில் நாலு வட்டம். ஒவ்வொரு வட்டமும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கிறது. எந்த குரூப், பயோ-மேத்ஸா காமர்ஸா? எந்த டியூஷன்? எந்த பஸ்? இன்ஸ்டாவில் எத்தனை பேர்? எந்தப் பதிலும் எடுபடவில்லை. அவள் தனியே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறாள்: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். வாசனை போகிறது. நாலு வட்டமும் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து ஒரே வட்டமாகிறது. அவள்தான் இப்போது வகுப்பின் ராணி. துவையல் தீர்கிறது, ராணிப் பட்டமும் தீர்கிறது, அவரவர் வட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

காட்சி அவ்வளவுதான், எழுதினால் 3 நிமிடம்.

மேடை நாடகமாகப் போட்டால்

முதல் இடறல் தரையில் உட்காருவது. பள்ளி விழாவுக்கு மைக்செட்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் ஸ்டாண்டு மைக் 3 அல்லது 4. அவை நிற்பவர் வாய் உயரத்துக்கு முன்வரிசையில் இருக்கும். பிள்ளைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தால் குரல் மைக்குக்குக் கீழேயே போய்விடும். அதோடு வட்டத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுவார்கள். வட்டத்தை அரைவட்டமாக வெட்டி, வாய் எல்லாம் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி, வகுப்புப் பெஞ்சின் மேல் உட்காரவைக்க வேண்டும். ஸ்டாண்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, ஒரு வட்டத்துக்கு ஒரு மைக். இரும்புக் கால் பெஞ்சை மேடையில் இழுத்தால் வருகிற கிரீச் சத்தம் வசனத்தைத் தின்றுவிடும். காலுக்குப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிவிட்டால் சத்தம் வராது.

காலர் மைக் வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். 12 பேர் நடிக்கிற நாடகத்துக்கு 4 காலர் மைக் கிடைக்கும். திரைக்குப் பின்னால் ஒருத்தி கழற்றி இன்னொருத்தி மாட்ட 20 விநாடி, அவசரத்தில் அரை நிமிடம். துப்பட்டா உரசினால் கரகரவென்று கேட்கும். நாலு வட்டத்துக்கு நாலு தலைவி, அவர்களுக்கு மட்டும் காலர் மைக், மற்றவர்கள் கூட்டமாகப் பேசுவது போதும் என்று எழுதினால் சமாளிக்கலாம்.

வசனத்தை முன்னாடியே பதிந்து ஓடவிட்டு, மேடையில் வாயசைக்கிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. சோகக் கதைக்கு அது ஓடும். சிரிப்புக்கு ஆகவே ஆகாது. கூட்டம் சிரிக்கும்போது நடிப்பவர் நிறுத்த வேண்டும், சிரிப்பு இறங்கும்போது அடுத்த வரி வர வேண்டும். பதிந்த குரல் நிற்காது. முதல் சிரிப்பிலேயே அடுத்த இரண்டு வரி மூழ்கிப்போகும், அப்புறம் கதை யாருக்கும் விளங்காது.

கையால் எழுதிய ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து, 25 நிமிடத்துக்கு 20 பக்கம் எழுதுவது சரி. மிச்ச 5 நிமிடத்தைக் கூட்டத்தின் சிரிப்பு எடுத்துக்கொள்ளும். 25 பக்கம் எழுதினால் 32 நிமிடம் ஓடி, அடுத்த நடனக்குழுவோடு சண்டை வரும். காட்சி மாற்றத்துக்கு விளக்கை அணைக்கவே கூடாது. இருட்டில் பெஞ்சை மாற்ற 40 விநாடி ஆகும், அதற்குள் பின்வரிசை விசிலடித்து மூடையே மாற்றிவிடும். மேடையின் இடது பக்கம் வகுப்பு, நடு மரத்தடி, வலது பக்கம் பஸ் ஸ்டாப் என்று மூன்றாகப் பிரித்து, கடைசி வரை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சுகம்.

ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் வீதம் 20 நாள் வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளைத் தொட முடியாது, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஒன்பதும் பிளஸ் ஒன்னும்தான் ஆள்.

யாருக்கு எந்த வேஷம் என்பதுதான் நாடகத்தின் ஆபத்தான இடம். நிஜத்தில் செட்டுக்குத் தலைவியாக இருப்பவளுக்கே தலைவி வேஷம் கொடுத்தால் நன்றாகத்தான் நடிப்பாள், அதிகாரம் இன்னும் ஒரு சுற்றுக் கூடும். தனியே சாப்பிடுகிற பிள்ளைக்குப் புதுப்பெண் வேஷத்தை 'பொருத்தமா இருக்கும்' என்று கொடுத்துவிடுகிற ஆசிரியர்களும் உண்டு. அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. புதுப்பெண் வேஷத்துக்குத் தோதான ஆள், எல்லோருக்கும் வேண்டியவளாக, பட்டப்பெயர் வைத்தாலும் சிரித்துவிட்டுப் போகிறவளாக இருக்க வேண்டும். தலைவி வேஷத்தை வகுப்பிலேயே சாதுவான பிள்ளைக்குக் கொடுத்தால், அவள் மிரட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் விழுந்து சிரிக்கும்.

வில்லுப்பாட்டாகப் போட்டால்

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்றிலும் வில்லு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுடலைமாடன் கோயில் கொடை என்கிற திருவிழா. முத்துப்பட்டன் கதையும் இசக்கி கதையும் விடிய விடியப் போகும். அதனாலேயே பள்ளி விழாவில் வில்லு என்றதும் 'பழசு' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் சிரிப்புக்கும் வில்லுக்கும் உறவு புதிதல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைச் சிரிப்போடு சேர்த்துக் கையாண்டார். நெல்லை மாவட்டம் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகம், வில்லைக் கொண்டு நடப்பு விஷயங்களை நையாண்டியோடு சொல்லிக் காட்டினார்.

செட்டுக் கதைக்கு வில்லு பொருந்துவதற்குக் காரணம் எளிது. இதில் யாரும் வேஷம் போடுவதில்லை. நாலு தலைவிகளையும் புதுப்பெண்ணையும் ஒரே பாடகிதான் குரல் மாற்றிச் சொல்கிறாள், பக்கத்தில் குடம் அடிக்கிற குடக்காரர் ஆமா போடுகிறார். சிரிப்பு கதைசொல்லி மேல் விழுகிறது, அவளும் அதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறாள். அதே காட்சி வில்லில் இப்படிப் போகும்:

"சாப்பாட்டு மணி அடிச்சிட்டு."
"அடிச்சிட்டு!"
"புதுப்பிள்ளை டப்பாவ எடுத்துக்கிட்டு மொத வட்டத்துக்குப் போறா."
"போட்டும், போட்டும். பசிக்கும்லா."
"ஏட்டி, நீ எந்த டியூஷன்னு கேக்கா ஒருத்தி."
"சோறு திங்க டியூஷன் எதுக்கு அண்ணாச்சி?"
"அத நீரு அந்த வட்டத்துல போய்க் கேளும். எனக்கு வீட்டுக்குப் போவணும்."

குடக்காரரின் குறுக்குக் கேள்விதான் இங்கே விமர்சனம். பெரியவர்கள் யாரும் மேடையேறிப் புத்தி சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பாடுவது பெண்ணாக இருந்தாலும் குடம் 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதை விட்டுவிடலாம், அந்த முரணுக்கே ஒரு சிரிப்பு வரும்.

ஆள் 6 பேர் போதும்: வில்லடித்துப் பாட ஒருவர், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, கூடவே பின்பாட்டுக்கு ஒருவர். பெரிய குழுக்களின் வில் 10 அடிக்கு மேலும் இருக்கும். பள்ளிக்கு 7 அடி மூங்கில் வில் போதுமானது. நைலான் கயிற்றை நாணாகக் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. அது பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும், நாணை அடிக்கிற வீசுகோல் விழுந்தால் 'டொப்' என்று கேட்கும், மணி குலுங்காது. முறுக்கேறிய பருத்திக் கயிறோ தோல் நாணோ வேண்டும். சுற்றுவட்டத்தில் வில்லிசைக் குழு இருந்தால் வில்லை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குவது உத்தமம். கொடை மும்முரம் பெரும்பாலும் பங்குனிக்குப் பிறகு என்பதால், ஜனவரியில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேட்கப் போகும்போதே குடம் அடிக்கிறவரை இரண்டு நாள் பள்ளிக்கு அழைத்து வந்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பத்தி என்கிற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் எப்படி அடிப்பது என்பதைப் பார்த்துத்தான் படிக்க முடியும்.

குடத்தை வைக்கோல் புரிமணையில் வைக்க வேண்டும். பலகை மேடையில் சும்மா வைத்தால் சத்தம் செத்துப்போகும், அடிக்க அடிக்க நகரவும் செய்யும். மண்குடம் என்பதால் மாற்றுக் குடம் ஒன்று திரைக்குப் பின்னால் இருக்கட்டும். குடத்து மைக்கை வாய்க்கு நேரே நீட்டக் கூடாது, ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேரே வைத்தால் பாட்டு ஒன்றும் கேட்காது, கும் கும் என்ற ஒலி மட்டும்தான் வரும்.

எல்லோரும் உட்கார்ந்தே இருப்பதால் மைதானத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது. மேடைமேல் இன்னொரு 2 அடி உயர மேடை தேவை. ஒரே உயரமுள்ள ஆசிரியர் மேசை நாலைச் சேர்த்துப்போட்டு, கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஜமுக்காளம் விரித்தால் ஆயிற்று.

20 நிமிட வில்லுக்கு எட்டெட்டு வரியில் 6 பாட்டு. மூன்றில் ஒரு பங்கு பாட்டு, மிச்சம் பேச்சு. பாட்டில் புது விஷயம் எதையும் சொல்லக் கூடாது. முந்திப் பேசியதைத்தான் பாட்டு திருப்பிச் சொல்ல வேண்டும். மைதானத்து ஒலிபெருக்கியில் பாட்டு வரி பாதிதான் புரியும். கும்மி மெட்டும் நொண்டிச்சிந்தும் பிள்ளைகள் நாக்கில் சீக்கிரம் ஏறும். ஆண் பள்ளியில் ஒரு கவனம்: எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற வயது. டிசம்பரில் கட்டிய சுருதி பிப்ரவரியில் எட்டாமல் போகலாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு சுருதியை மறுபடி பார்த்து, வேண்டுமானால் ஒரு கட்டை இறக்கிக்கொள்வது நல்லது.

ஒத்திகை 12 முதல் 15 நாள். ஆறே பேர் என்பதால் சாப்பாட்டு இடைவேளையிலேயே பழகிவிடலாம். குறை என்னவென்றால் நிறையப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இல்லை. நாடகத்தில் 12 வீட்டிலிருந்து ஆச்சி, தாத்தா, சித்தி என்று வந்து உட்காருவார்கள். வில்லில் ஆறு வீடு. தலைமையாசிரியருக்கு அந்தக் கணக்கும் உண்டு.

குறும்படமாக எடுத்தால்

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். 'கேமரா இருக்கு சார், எடிட் நான் பண்ணுதேன்' என்று ஒருவன் வந்து நிற்பான். நாடகத்தாலும் வில்லாலும் முடியாத ஒன்று படத்தால் முடியும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியிலிருந்து நாலு வட்டத்தையும், நடுவே டப்பாவோடு நிற்கிற ஒருத்தியையும் ஒரே ஷாட்டில் காட்டினால் வசனமே வேண்டாம்.

வேலை மட்டும் நினைப்பதைவிட மூன்று மடங்கு. 8 நிமிடப் படத்துக்கு 3 நாள் படப்பிடிப்பு. வெட்டி ஒட்ட, ஒரு நிமிடப் படத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சாப்பாட்டுக் காட்சியை நிஜச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தால் உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுப்பாக விழும், வேப்பமரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் ஆடும். பள்ளி விட்ட பிறகு, நாலேகாலிலிருந்து ஐந்தேகாலுக்குள் எடுப்பது நல்லது. டப்பாச் சோறு ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்கும். ஒரே மாதிரி 3 டப்பா, முழுசு, பாதி, காலி என்று நிரப்பி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை தீரும். வகுப்பறையில் டியூப்லைட்டின் கீழே எடுத்தால் படம் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவில் ஷட்டரை 1/50-இல் நிறுத்தி, 25 பிரேமில் எடுத்தால் துடிப்பு நிற்கும். குரலை இன்னொரு போனில் சட்டைக்குள் வைத்துப் பதிவதாக இருந்தால், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒரு கைத்தட்டல் பதிந்தாக வேண்டும். பிற்பாடு வாயையும் குரலையும் சேர்க்க அதைவிட்டால் பிடி கிடையாது.

அப்புறம் காட்டுவது. ஜனவரி கடைசியில் இங்கே சூரியன் மறைய ஆறேகால், ஆறரை ஆகும். புரொஜெக்டர் எடுபட ஆறேமுக்காலாவது ஆக வேண்டும். அதற்குள் முக்கூடல், சேரன்மகாதேவி, நாங்குநேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெற்றோர் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுத்தால் வெளிச்சத்திலும் தெரியும், ஆனால் செலவு நாடகத்தையும் வில்லையும் சேர்த்ததைவிடக் கூடிவிடும்.

இதையெல்லாம் தாண்டிவிடலாம் என்றாலும், இந்தக் கதைக்குப் படத்தைப் பரிந்துரைக்கத் தயக்கம்தான். நாடகம் அன்றோடு போயிற்று. படம் ஃபைலாக இருக்கிறது. புதுப்பெண் அழப்போகிற முகம் 4 விநாடி தனியாக வெட்டப்பட்டு ஸ்டேட்டஸாகவும் ஸ்டிக்கராகவும் சுற்றும், அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை சுற்றும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், பெற்றோர் கையெழுத்து வாங்கி, யூடியூபில் ஏற்றாமல், ஒரே பென் டிரைவில் வைத்து, விழாவில் மட்டும் காட்டுவது. முகத்தைக் கிட்டத்தில் காட்டாமல் கை, டப்பா, செருப்பு வரிசை, ஜன்னல் வழியாக பஸ் சீட்டில் எறிகிற பை இவற்றை வைத்தே கதை சொல்ல முடியும். அப்படி எடுத்தால் படமும் மேலாகவே வரும்.

எந்தத் தெரு என்ற கேள்வி

எந்த வடிவமானாலும் இந்த மண்ணில் இதை மட்டும் விளையாட்டாக விட முடியாது. நாலு வட்டத்தின் கேள்விகளில் 'எந்த ஊரு, எந்தத் தெரு' இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நெல்லையில் அந்தக் கேள்விக்கு அடியில் சாதி என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதை யாரும் மறக்கவில்லை. அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பரிந்துரைகள்.

ஆகவே செட்டுகளைக் கூட்டத்துக்கு அடையாளம் காட்ட நிறம் வேண்டாம். ஒரு செட்டுக்கு மஞ்சள் பட்டை, இன்னொன்றுக்குப் பச்சை ரிப்பன் என்று உடைக்காரர் யோசனை சொல்வார். ஊரில் எந்த நிறம் யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். பொருளால் காட்டினால் சிக்கல் இல்லை: டியூஷன் செட்டுக்கு தடித்த கைடு, பஸ் செட்டுக்கு தோளில் மாட்டாமல் மடியில் வைத்த பை, இன்ஸ்டா செட்டுக்கு, போன் பள்ளிக்குள் கூடாது என்பதால், போன் மாதிரி பிடித்த ஜாமெட்ரி பாக்ஸ். கடைசிப் பொருளுக்குக் கூட்டம் கட்டாயம் சிரிக்கும். பாத்திரங்களுக்குப் பெயரே வைக்காமல் 'டியூஷன்காரி', 'பஸ்காரி' என்று விட்டுவிட்டால் இன்னொரு வம்பும் குறையும். துவையல் உளுந்தஞ்சோறோடு இருக்கட்டும். அசைவச் சாப்பாட்டை வைத்து மூக்கைப் பொத்துகிற நகைச்சுவை எழுதினால், கதை நாம் வேண்டாமென்று ஒதுக்கிய தெருவுக்கே திரும்பிப் போய்விடும்.

எதை எடுக்கலாம்

கையில் 15 நாள்தான் இருக்கிறது, பாடத் தெரிந்த ஒரு பிள்ளையும் வாய்த்துடுக்கான ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள் என்றால் வில்லு, வேறு யோசனையே வேண்டாம். ஒரு மாதம் இருக்கிறது, வேஷம் கொடுப்பதில் கண்டிப்பாக நிற்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்றால் நாடகம். அந்த ஆசிரியர் இல்லாவிட்டால் மாதம் இரண்டு இருந்தாலும் நாடகம் வேண்டாம். படம், எடிட் செய்து பழகிய பிள்ளைகளும் சொன்ன சொல் கேட்கிற வகுப்பும் இருந்தால் மட்டும்.

வில்லையும் நாடகத்தையும் கலக்கவும் முடியும். மேடை இடது ஓரத்தில் வில்லுக் குழு, நடுவில் வசனமே பேசாமல் ஊமை நடிப்பாக எட்டுப் பேர். கேள்விகளை வில்லு கேட்கிறது, நடுவில் இருப்பவர்கள் தலையை மட்டும் திருப்புகிறார்கள். மைக் மூன்று போதும், 14 வீட்டுக்காரர்களும் வருவார்கள், வசனம் மறந்துபோக வழியே இல்லை. வட்டத்தையும் வட்டமாகவே தரையில் உட்காரவைக்கலாம், முதுகு காட்டினால் காட்டட்டும். புதுப்பெண்ணுக்கு வட்டம் தெரிவதும் முதுகாகத்தான். ஒத்திகை 18 நாள் பிடிக்கும், ஏனென்றால் குடத்தின் அடிக்குச் சரியாக எட்டுத் தலையும் ஒன்றாகத் திரும்பப் பழகவே ஒரு வாரம் போகும்.

எதை எடுத்தாலும், விழாவுக்கு மூன்று நாள் முன்பு அதே வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு தடவை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஆசிரியர் மேடையைப் பார்க்கக் கூடாது, மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்கிற பிள்ளைகளின் தலையைப் பார்க்க வேண்டும். ஒரு வரிக்குச் சிரிக்கும்போது எல்லாத் தலையும் மேடை பக்கமே இருந்தால் அந்த வரி இருக்கட்டும். சிரித்துக்கொண்டே தலைகள் மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை பக்கம் திரும்பினால், அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.